டூகம்கேரியில் ஓர் இரவு, 77 டாலர் சொச்சம்

அமெரிக்காவில் டூகம்கேரி என்ற ஊரில் ஒரு மோட்டலில் ஓர் இரவு தங்கிவிட்டு இணையத்தில் நான் ஆங்கிலத்தில் போட்ட விமர்சனம் நான்கே வாக்கியம். அறை சுத்தம். துணிகள் வெள்ளை. குளியல் தொட்டியில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. நான்கு நட்சத்திரம். என் மகள் அதைப் படித்துவிட்டு, "என்னப்பா இது, தந்தி அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். சுருக்கமாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. சில விஷயங்களை எழுத வேண்டாம் என்று விடுதிக்காரரே என்னிடம் கேட்டுக்கொண்டார். அங்கே விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். விடுதியின் பெயரை மட்டும் இங்கேயும் எழுத மாட்டேன், வாக்குக் கொடுத்துவிட்டேன்.

விமர்சனம் எழுத எனக்கு என்ன தகுதி என்றால், மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் 28 வருடம் மேனேஜராக இருந்தேன். ஸ்டேஷனில் இறங்கிப் பெட்டியோடு படியேறி வருகிறவர் மீனாட்சியைப் பார்க்க வந்தவரா, ஜவுளி வாங்க வந்தவரா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரா என்பது அவர் லெட்ஜரில் கையெழுத்துப் போடுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் போகவில்லை. எந்த ஊரில் எந்த அறைக்குள் நுழைந்தாலும் பெட்டியை இறக்கி வைப்பதற்கு முன்பே என் கை மெத்தையின் ஓரத்தைத் தூக்கிவிடும். மூட்டைப்பூச்சி இருந்தால் தையலோரத்தில் மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். மாப்பிள்ளைக்கு இது வெட்கம். "மாமா, அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு அப்புறம் பாருங்க" என்பார். உட்கார்ந்த பிறகு பார்த்து என்ன பிரயோசனம்?

முந்தின வருடம் அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்துதான் பட்டோம். வேறொரு மாநிலம், வேறொரு நெடுஞ்சாலை. அதுவும் குஜராத்திக் குடும்பம் நடத்துகிற மோட்டல்தான். 50 டாலர் டெபாசிட் வாங்கிக்கொண்டார்கள். இரவு பன்னிரண்டு மணிக்குப் பேத்தி கையைச் சொறிந்துகொண்டு எழுந்தாள். கீழே போய்ச் சொன்னால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன், "நீங்கள் கொண்டுவந்ததாக இருக்கும்" என்றான். டெபாசிட் இன்றுவரை வரவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம்மவர்கள் நடத்துகிறார்கள் என்பதற்காக ஒரு நட்சத்திரம் கூட்டிப் போடுகிற ஆள் நான் இல்லை.

இந்த முறை டாலஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குப் போனோம். முதல் நாள் விச்சிட்டா ஃபால்ஸ், அமரில்லோ வழியாக ஏறக்குறைய 475 மைல். மாப்பிள்ளை ஓட்டினார், மகள் பக்கத்தில், நானும் பேத்தியும் பின் சீட்டில். டெக்ஸஸ் எல்லையைத் தாண்டி நியூ மெக்ஸிகோவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. பேத்திக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அன்று இரவு முழுக்கத் தூக்கம் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

டூகம்கேரி என்ற பெயரைக் கேட்டால் பாண்டிச்சேரிக்குப் பக்கத்து ஊர் போல இருக்கிறது. ஐயாயிரம் பேர் சுமாருக்கு இருக்கிற ஊர். 66-ஆம் எண் நெடுஞ்சாலை என்று அமெரிக்கர்கள் உருகுகிறார்களே, 1926-இல் எண் கொடுத்த சிகாகோ–சாண்டா மோனிகா சாலை, அது இந்த ஊரின் நடுவே போகிறது. ஒரு காலத்தில் 'இன்றிரவு டூகம்கேரி! 2000 அறைகள்' என்று ஊர் வருவதற்கு வெகு முன்பிருந்தே சாலையோரம் போர்டு வைத்து ஆள் பிடித்திருக்கிறார்கள். 1956-இல் பெரிய நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. புதுச் சாலை ஊருக்கு வெளியே போயிற்று. 1985-இல் 66 என்ற எண்ணையே எடுத்துவிட்டார்கள். நம்மூரில் பைபாஸ் வந்த பிறகு பழைய ரோட்டு டீக்கடைக்கு என்ன ஆகுமோ, அதுதான் இங்கே மோட்டல்களுக்கு ஆகியிருக்கிறது. ஒன்று நியான் விளக்கோடு நிற்கும், அடுத்தது கூரை இடிந்து நிற்கும். புகழ்பெற்ற ப்ளூ ஸ்வாலோ மோட்டல் இதே தெருவில்தான். அதன் முன்னால் ஐந்தாறு பேர் கேமராவோடு நின்றார்கள். நாங்களும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, படுப்பதற்கு மலிவான இடம் தேடிப் போனோம்.

போய்ச் சேர்ந்த இடம் எல் எழுத்து வடிவில் ஒற்றை மாடிக் கட்டடம். 24 அறைகள். ஆபீசில் மேஜை மணி ஒன்று. அடித்ததும் பின்னால் இருந்த கதவு திறந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். பேண்ட், சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர். கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் உடனே சாத்திக்கொண்டார். இந்தச் சாத்துதலை நான் கவனித்தேன், ஆனால் அப்போது காரணம் புரியவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. அதையும் கவனித்தேன்.

ஆப்பில் 74 டாலர் காட்டியது. அந்த அம்மா 68 என்றார். ஆப் வழியாக வருகிற ஒவ்வொரு அறைக்கும் நூற்றுக்குப் பதினைந்தும் அதற்கு மேலும் கமிஷன் போய்விடுகிறதாம், நேரில் வந்தால் அதில் ஒரு பகுதியை நமக்கே குறைத்துவிடுகிறார். விற்பனை வரி, தங்குகிறவர்கள் கட்ட வேண்டிய தனி வரி எல்லாம் சேர்ந்து 77 டாலர் சொச்சம். இதைப் படிக்கிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்: ஆப்பில் விலையைப் பாருங்கள், அப்புறம் நேரில் போய் மணியை அடியுங்கள்.

லெட்ஜர் இல்லை. ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துக்கொண்டு, வண்டி நம்பரை ஒரு அட்டையில் எழுதச் சொன்னார், அவ்வளவுதான். எங்கள் லாட்ஜில் எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர், வந்த காரியம் என்ன என்று ஒரு வக்கீலைப் போல் கேட்போம். சாவி மட்டும் மனசுக்குப் பிடித்தது. பிளாஸ்டிக் கார்டு இல்லை. பித்தளைச் சாவி, அதில் ஊதா நிறத்தில் சாய்சதுர வில்லை, வில்லையில் 9. பழைய வில்லைகளில் 'மறந்து எடுத்துப் போனால் எந்தத் தபால் பெட்டியிலும் போடவும், தபால் செலவு எங்களுடையது' என்று அச்சடித்திருப்பார்கள். இதிலும் இருந்தது, பாதி அழிந்து.

சரி, அறை. வண்டியை அறைக் கதவுக்கு நேர் முன்னால் நிறுத்தலாம். மோட்டலின் தத்துவமே அதுதான். மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டவைத்து 1925-இல் கலிஃபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் ஒருவர் வைத்த பெயர். பெட்டி தூக்க ஆள் வேண்டாம், லிஃப்ட் வேண்டாம், டிப்ஸ் வேண்டாம்.

மெத்தை ஓரத்தைத் தூக்கினேன். சுத்தம். நான்கு மூலையும் பார்த்தேன், கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தம். விரிப்பின் மூலை மடிப்பு எப்படி இருந்தது தெரியுமா? கவரை மடிக்கிற மாதிரி சரியான சாய்வில், ஒரு சுருக்கம் இல்லாமல் உள்ளே செருகியிருந்தது. சம்பளத்துக்கு மடிக்கிற ரூம் பாய் காலையில் முதல் இரண்டு அறைக்கு அப்படி மடிப்பான். ஒன்பதாவது அறைக்கும் அப்படி மடிப்பது முதலாளியின் கை. தலையணை மெலிசு, அது குறை. துண்டுகள் பழசு, ஓரத்தில் நூல் பிரிந்தவை, ஆனால் வெளுப்பில் குறை சொல்ல முடியாது. 28 வருடம் வைகைத் தண்ணீரில் வெளுத்து வந்த துணிகளைப் பார்த்துப் பழகியவன் சொல்கிறேன், இது நல்ல வெளுப்பு.

ஜன்னலுக்குக் கீழே ஏ.சி. அது ஓடத் தொடங்கும்போது ஒரு லாரி கியர் மாற்றுவது போல் சத்தம். சுவர் மெலிசு. எட்டாம் நம்பர்க்காரர் இருமியது எங்களுக்குக் கேட்டது, எங்கள் பேத்தி பாடியது அவருக்குக் கேட்டிருக்கும். ஊருக்குள் சரக்கு ரயில் பாதை இருக்கிறது. ராத்திரி முழுக்க ஹாரன். ஸ்டேஷன் பக்கத்திலேயே வாழ்நாள் கழித்த எனக்குத் தாலாட்டு. மகளுக்கு இல்லை. மேஜை இழுப்பறையில் பைபிள். கிடியன்ஸ் என்கிற அமைப்பு 1908-இலிருந்து இப்படி ஹோட்டல் அறைகளில் வைத்து வருகிறது. ஆபீசில் மேஜைக்குப் பின்னால், வருகிறவர் கண்ணுக்கு எளிதில் படாத உயரத்தில், குஜராத்திகள் கும்பிடுகிற மகான் ஜலாராம் பாபா படமும் ஊதுபத்தி இல்லாத ஊதுபத்தி ஸ்டாண்டும் பார்த்திருந்தேன். அறைக்குள் ஒரு சாமி, ஆபீசில் ஒரு சாமி. வியாபாரம் தெரிந்தவர்கள்.

இப்போது குளியலறைக்கு வருகிறேன். நான் ஒரு நட்சத்திரம் குறைத்தது இங்கேதான். ஷவரில் வெந்நீர் நன்றாக வருகிறது, ஆனால் வந்த தண்ணீர் போக மாட்டேன் என்கிறது. இரண்டு நிமிடத்தில் கணுக்கால் வரை நின்றது. இது பெரிய வேலை இல்லை. வடிகுழாய் வாயில் முடி அடைத்திருக்கும், அரை மணி நேர வேலை. அந்த விரிப்பை அப்படி மடித்த கை இதை எப்படி விட்டது என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் மக். அமெரிக்காவில் எந்த அறையிலும் இருக்காது, தெரியும். வழக்கமாகக் காலி தண்ணீர் பாட்டிலை வைத்துச் சமாளிப்பேன். அன்று கூச்சத்தை விட்டு ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பச்சை பிளாஸ்டிக் மக்கைக் கொண்டுவந்து மேஜைக்குக் கீழே இருந்து எடுப்பது போல் நீட்டினார், ஒரு பேப்பர் பையில் போட்டு. ஏதோ கள்ளச் சரக்கு கைமாறுகிற மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன். விடுதி கொடுக்கிற சாமான்களின் பட்டியலில் இது இல்லை. கேட்டால் கிடைக்கும். கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து.

ராத்திரி பத்தரைக்குத் தூக்கம் வரவில்லை. என் உடம்புக்கு அது பதினொன்றரை. எழுந்து வெளியே நடந்தேன். எல் எழுத்தின் மூலையில் ஒரு அறையில் விளக்கு எரிந்தது, இரண்டு பெரிய டிரையர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு மனிதர் தனியாக விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். விரிப்பின் ஒரு மூலையைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு மூலையைக் கையால் இழுத்து. இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆள் மடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியாது. உள்ளே போய் எதிர்முனையைப் பிடித்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். நான் உதறி, நீளவாக்கில் மடித்து, அவர் பக்கம் நடந்து முனையைக் கொடுத்ததும், "ஹோட்டல் லைன்?" என்று கேட்டார். "மதுரை, 28 வருஷம்" என்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் மொழி ஒரு தடையாக இல்லை. அவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். நான் காசி, ராமேஸ்வரம் யாத்திரைக்காரர்களிடம் பொறுக்கிய லாட்ஜ் இந்தியில் பேசினேன். அவர் என்னை 'மேனேஜர் சாப்' என்றார், நான் அவரைப் 'பாய்' என்றேன். மதுரையில் பாய் என்றால் வேறு, குஜராத்தியில் ஆண்கள் எல்லாரும் பாய், பெண்கள் எல்லாரும் பென்.

நாற்பது விரிப்பும் அறுபது துண்டும் மடிக்கிற நேரத்தில் ஒரு மனிதரின் கதை முழுக்கக் கேட்டுவிடலாம். நவ்சாரி பக்கம் கிராமம். பட்டேல் என்றால் அந்தக் காலத்தில் கிராமத் தலைவர், நம்மூர் மணியக்காரர் மாதிரி. நிலம் பங்கு பிரித்துப் பிரித்து ஒன்றும் மிஞ்சவில்லை. பெரியப்பா மகன் உகாண்டாவில் கடை வைத்திருந்தார். 1972-இல் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னபோது கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து போய், அங்கிருந்து ஓக்லஹோமாவுக்கு வந்து ஒரு மோட்டல் வாங்கினார். பாய் 1986-இல் அந்த மோட்டலுக்குத்தான் வந்து இறங்கினார். இரண்டு வருடம் ராத்திரி மேஜை, பகலில் கக்கூஸ் கழுவுதல். சம்பளம் என்று ஒன்று இல்லை, சாப்பாடும் ஒரு அறையும் தொழிலும்.

1994-இல் இந்த விடுதி விலைக்கு வந்தது. நடத்திக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் யாருக்கும் வேண்டாம். முன்பணத்துக்குப் பதினோரு உறவினர்கள் பணம் கொடுத்தார்கள். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. "எழுதி வாங்கவில்லையா?" என்றேன். "எழுதினால் அது கடன், மேனேஜர் சாப்" என்றார். மதுரைக்காரனுக்கு இது புதிதில்லை. நாடார் கடைக்காரர்களின் மகமை என்கிற பொதுநிதியைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒருவன் தூக்கிவிடப்பட்டால் அடுத்தவனைத் தூக்கிவிட வேண்டும், கணக்கு அப்படித்தான் தீரும். பாய் தீர்த்த கணக்கில் இப்போது அரிசோனாவில் இரண்டு மோட்டல், டெக்ஸஸில் ஒன்று.

ஆனால் லாபம் கைமாற்றில் இல்லை, எங்கே இருக்கிறது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. என் மூளை தானாகக் கணக்குப் போட்டது. மேனேஜர், ராத்திரி வாட்ச்மேன், சலவைக்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று ஐந்து சம்பளம். இங்கே ஐந்தும் புருஷனும் பெண்டாட்டியும். மேஜைக்குப் பின்னால் இருக்கிற கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. ஆகவே வீட்டு வாடகையும் இல்லை. காலையில் அறை சுத்தம் செய்ய உள்ளூர்ப் பெண்கள் இருவர் வருகிறார்கள், மற்ற எல்லாம் இவர்கள்தான். 1994-க்குப் பிறகு ஆபீஸ் கதவைப் பூட்டிய நாள் கிடையாதாம். ஒரு கல்யாணத்துக்கும் இருவரும் சேர்ந்து போனதில்லை. ஒருவர் போனால் மற்றவர் மணிக்குக் காது கொடுத்து இருக்க வேண்டும். மகளின் கல்யாணத்துக்கு மட்டும் அரிசோனாக்காரர் வந்து மூன்று நாள் மேஜையில் உட்கார்ந்தார். எனக்கு இதில் முழு மரியாதை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எட்டு மணி நேரம் முடிந்ததும் சாவிப் பலகையை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு செல்லூர் வரை நடந்து வீட்டுக்குப் போனவன். லாட்ஜ் என் கூடவே படுக்கைக்கு வந்திருந்தால் 28 வருடம் தாங்கியிருக்க மாட்டேன். குறைந்த விலைக்குச் சுத்தமான அறை கிடைக்கிறது என்றால் வித்தியாசத்தை யாரோ கட்டுகிறார்கள்.

இந்தத் தொழிலுக்குள் முதலில் வந்தவர் என்று குஜராத்திகள் சொல்வது கான்ஜி மஞ்சு தேசாய் என்பவரை. 1942-இல் சேக்ரமெண்டோவில் 32 அறை ஹோட்டல் ஒன்றை இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து எடுத்து நடத்தினார். அதை அதுவரை நடத்தியவர் ஜப்பானிய வம்சாவளிக்காரர். போர்க்காலத்தில் அவர்களை எல்லாம் அரசாங்கம் முகாம்களில் அடைத்ததால் ஹோட்டல் கைமாறியது. பாய் இதைக் குலதெய்வக் கதை மாதிரி சொன்னார். எனக்கு என்னவோ அந்த ஜப்பானியர் தன் சாவிக் கொத்தை யாரிடம் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு இவர்கள் வருவது பெருகியது. 1973-இல் பெட்ரோல் விலை ஏறி, பழைய சாலையோர மோட்டல்கள் மலிவாக விலைக்கு வந்ததும் சரியாகப் பொருந்திக்கொண்டது. இன்று ஆசிய அமெரிக்க விடுதிக்காரர்களின் சங்கத்தில் 20,000 உறுப்பினர்கள், நாட்டின் ஹோட்டல்களில் பத்துக்கு ஆறு அவர்கள் கையில் என்று அந்தச் சங்கமே சொல்கிறது.

அந்தச் சங்கம் ஏன் வந்தது என்று கேட்டேன். அப்போதுதான் பின்கட்டிலிருந்து ஒரு வாசம் வந்தது. கடுகு, பெருங்காயம், நெய். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. இந்த நேரத்தில் யார் தாளிக்கிறார்கள்?

பாய் டிரையர் கதவைத் திறந்தபடியே சொன்னார். முப்பது வருடமாக அவர்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு இந்த நேரத்தில்தான். அறை கேட்டு வருகிறவர்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் வகார், அதாவது தாளிப்பு. வந்த புதிதில் ஒரு நாள் சாயந்தரம் ஆறு மணிக்குத் தாளித்தார்கள். ஒரு குடும்பம் ஆபீசுக்குள் வந்தது, அப்பா மூக்கை உறிஞ்சினார், பெண்டாட்டியைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். அதே தெருவில் எதிர்ப்பக்கத்து மோட்டலில் அப்போது ஒரு போர்டு இருந்தது: 'அமெரிக்கர் நடத்துவது'. அந்தக் காலத்தில் பல மாநிலங்களில் இந்தப் போர்டு உண்டு. 80களில் பட்டேல் என்ற பெயரைப் பார்த்தாலே காப்பீடு தர மறுத்த நிறுவனங்கள் இருந்தன, வங்கிகளும் அப்படியே. அதனால்தான் முதலில் டென்னஸியில் ஒரு சங்கமும், 1989-இல் அட்லாண்டாவில் இந்தச் சங்கமும் தொடங்கினார்கள். சில விடுதிக்காரர்கள் மேஜையில் ஒரு வெள்ளைக்காரரை உட்காரவைத்துவிட்டுத் தாங்கள் பின்னால் இருந்தார்கள். பாய்க்கு அந்தச் சம்பளம் கட்டுப்படியாகவில்லை. ஆகவே கதவைச் சாத்தப் பழகிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்த அம்மா சாயந்தரம் கதவைச் சாத்தியது எனக்குப் புரிந்தது. எங்கள் முகத்தைப் பார்த்து அவர் தோள் இறங்கியதும்.

கிச்சடியும் கடியும் அங்கேயே சலவை மேஜை மேல் வைத்துச் சாப்பிட்டோம். கடி கொஞ்சம் தித்திப்பு. நம் மோர்க்குழம்பில் யாரோ தெரியாமல் சர்க்கரை போட்டுவிட்டது போல் இருந்தது. இரண்டாம் கரண்டிக்கு நாக்கு பழகிவிட்டது. மதுரையில் சௌராஷ்டிரர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் முன்னோர் உங்கள் குஜராத்திலிருந்து வந்தவர்கள் என்று சொன்னேன். பென் நம்பவில்லை. "அவர்கள் தண்ணீருக்கு என்ன சொல்வார்கள்?" என்று சோதித்தார். "பானி" என்றேன். சிரித்தவர், "அங்கேயும் மோட்டல் வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார். பட்டு நெசவு என்றேன். அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

காலைச் சாப்பாட்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. விளம்பரத்தில் 'இலவசக் காலை உணவு' என்று இருக்கிறது. ஆபீஸ் மூலையில் உறையில் சுற்றிய மஃபின், ஒரு கூடையில் ஆப்பிள், காப்பி என்ற பெயரில் வெந்நீர். அதை நம்பிப் போகாதீர்கள். வெளியே எட்டாம் நம்பர்க்காரர் நின்றுகொண்டு அதே காப்பியை ரசித்துக் குடித்தார். ரயில்பாதை வேலைக்கு வந்தவராம், மூன்று வாரமாகத் தங்கியிருக்கிறார், வார வாடகைக்கு. சுற்றுலாக்காரர்கள் வருவது கோடையில், வருடம் முழுக்க விளக்கெரிய வைப்பது இவரைப் போன்றவர்களும் லாரிக்காரர்களும்தான் என்று பாய் சொன்னார்.

சனிக்கிழமையாக இருந்ததால் மகன் ஆல்புகர்க்கியிலிருந்து வந்திருந்தான். முப்பது வயது, கம்ப்யூட்டர் வேலை. மரியாதையான பையன், என்னை அங்கிள் என்றான். பழைய நியான் போர்டை எடுத்துவிட்டுப் பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரை வாங்கி மாட்டினால் ஆட்கள் தானாக வருவார்கள் என்பது அவன் கட்சி. பெயருக்கு வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டும், அவர்கள் சொல்கிற மெத்தை, சொல்கிற திரைச்சீலை வாங்க வேண்டும், அப்படிக் கொடுத்துவிட்டு யாருக்காக நடத்துவது என்பது அப்பா கட்சி. "இல்லையென்றால் விற்றுவிடுங்கள்" என்றான். யாருக்கு என்றேன். "நேபாளத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்" என்றான். பாய் காது கேட்காதது போல் சாவிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். இருபத்துநாலு மணி நேரக் கணக்கெல்லாம் இங்கே கிடையாது, இரவு பன்னிரண்டுக்கு வந்தாலும் காலை பதினொன்றுதான். பென் அலுமினியத் தாளில் சுற்றிப் பத்து தேப்லாவும் ஒரு சின்ன டப்பாவில் மாங்காய்த் தொக்கும் கொடுத்தார். தேப்லா என்பது மசாலா போட்ட சப்பாத்தி, அவர்களுக்கு அதுதான் பிரயாணப் புளியோதரை, மூன்று நாள் கெடாது. மக்கைத் திருப்பிக் கொடுத்தேன், அதே பேப்பர் பையில்.

சாவியை வாங்கிக்கொண்டு பாய் தயங்கினார். "மேனேஜர் சாப், முடிந்தால் இணையத்தில் ஒரு ரிவ்யூ போடுங்கள். இப்போதெல்லாம் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்."

"தாராளமாக" என்றேன். "தேப்லாவை எழுதுகிறேன், கிச்சடியை எழுதுகிறேன்."

"அது வேண்டாம்" என்றார் அவசரமாக. "சாப்பாடு வேண்டாம். இந்தியக் குடும்பம் என்று வேண்டாம். பட்டேல் வேண்டாம். அறை சுத்தம் என்று போடுங்கள், போதும்."

"குறை?"

"குறையையும் போடுங்கள். இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள்."

"தமிழில் எழுதினால்?"

அவர் யோசித்தார். "தமிழ் படிக்கிறவர்கள் வாசத்துக்குப் பயப்படுவார்களா?"

"பயப்பட மாட்டார்கள்."

"அப்படியென்றால் எழுதுங்கள். ஆனால் பெயர் வேண்டாம்."

ஆகவே அந்த ஊர்ப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பழைய நெடுஞ்சாலையில் எல் எழுத்து வடிவில் ஒற்றை மாடிக் கட்டடம். மேஜை மணியை அடியுங்கள். விலையை நேரில் கேளுங்கள். சாலைப் பக்கத்து அறையைக் காட்டிலும் உள்பக்கத்து அறை அமைதி. தலையணை வீட்டிலிருந்து கொண்டு போங்கள். மக் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நான் ஆங்கில விமர்சனம் போட்டு இரண்டு வாரம் கழித்து அதற்குக் கீழே ஒரு பதில் வந்திருந்தது. மகள்தான் காட்டினாள். 'தங்கள் கருத்துக்கு நன்றி. 9-ஆம் அறையின் குளியல் தொட்டி வடிகுழாய் சரிசெய்யப்பட்டது. மீண்டும் வருக. இப்படிக்கு, நிர்வாகம்.'